கால் தரையைத் தேடும்: ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறுகிறவர்களுக்கு

நான் ஸ்கூட்டர் பழகியபோது எனக்கு வயது 42. அதுவரை பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு டவுன் பஸ்தான். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு வண்டி எதற்கு என்று இருந்துவிட்டேன். வீட்டில் இருந்த ஸ்கூட்டர் மனைவியுடையது. அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து காய்கறிப் பையைப் பிடித்துக்கொள்வேன். ஒருவழியாகப் பழகி ஏழு வருடம் ஓடியபின், மாமியாருக்கு முழங்கால் தேய்ந்து ஸ்கூட்டரில் ஏற முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தே கை கடித்தது. அப்போது வந்ததுதான் வெள்ளி நிறப் பழைய ஆல்டோ. எனக்கு 49.

இருபது வயதில் கார் பழகுகிறவனுக்கு இந்தக் குறிப்புகள் வேண்டாம், அவன் இரண்டு நாளில் ஓட்டிவிடுவான். இது, வயது போனபின் ஸ்கூட்டர் பழகி, அதை விட்டுவிட்டுக் காரில் ஏறுகிறவர்களுக்கு. நமக்குக் கார் தெரியாதது ஒரு சிக்கல் என்றால், ஸ்கூட்டர் தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய சிக்கல். நிதானமாக இருக்கும்வரை வாத்தியார் சொன்னதெல்லாம் நினைவில் நிற்கும். பயம் வந்த அந்த ஒரு நொடியில் உடம்பு ஸ்கூட்டருக்கே போய்விடும். கை இறுகும், கால் தரையைத் தேடும். காரில் தரை கிடைக்காது.

முதலில் காகித வேலை. "என்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே" என்று நானும் நினைத்தேன். டூவீலர் லைசென்ஸ் இருந்தாலும் காருக்குத் தனியாக எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழிந்தபின்தான் ஓட்டிக் காட்டப் போகலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். காரில் எல் போர்டு ஒட்டாமலும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆள் இல்லாமலும் தெருமுனை வரைக்கும்கூடப் போகாதீர்கள்.

கார் வந்த அன்று தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பூஜை. நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம். என் மைத்துனன் ஓட்டியிருந்தால் காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். "மொத மொத அத்தான்தான் எடுக்கணும்" என்று அவன் இறங்கிக்கொண்டான். நான் கிளட்ச்சை விட்டேன், வண்டி குலுங்கி நின்றது. மறுபடி விட்டேன், மறுபடி நின்றது. அதற்குள் ஒரு பழம் உருண்டு சாக்கடைப் பக்கம் போக, ஐயர் எடுத்து வந்து திரும்ப வைத்தார். மூன்றாவது தடவை பழமும் நசுங்கியது, வண்டியும் துள்ளிக்கொண்டு பூக்கடை வரைக்கும் போனது. பூக்கார அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் ஏறிவிட்டாள். அன்றைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். டிரைவிங் ஸ்கூலுக்குப் போகும் முன்பே, நிறுத்திய காரில், எஞ்சினைப் போடாமல் தினமும் கால் மணி நேரம் உட்காருங்கள். இடது கால் கிளட்ச்சுக்கு மட்டும்தான். நடுவில் பிரேக், வலது ஓரம் ஆக்ஸிலரேட்டர், இரண்டும் வலது காலுக்கு. குதிகாலைப் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றிக்கொண்டு, பாதத்தை மட்டும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பழகுங்கள். நம் ஸ்கூட்டரில் பிரேக் இரண்டும் கையில். ஏழு வருடமாக ஆபத்து என்றால் கையை இறுக்கியே பழகிய உடம்பு இது.

முதல் வாரம் மைதானத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு மாடு குறுக்கே வந்தது. நான் என் பலத்தையெல்லாம் சேர்த்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கினேன். கார் பாட்டுக்குப் போகிறது. இன்னும் இறுக்கினேன். பக்கத்தில் இருந்த வாத்தியார் அவர் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, அத எதுக்குப் போட்டுப் பிழியுதிய? சாறா வரப்போவுது?" என்றார். அவருக்கு என் மகன் வயது.

இதற்கு வீட்டில் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது திடீரென்று "மாடு!" என்று கத்த வேண்டும். உடனே வலது கால் பிரேக் இருக்கும் இடத்தில் போய் அழுத்த வேண்டும், கை தளர்வாக இருக்க வேண்டும். என் மனைவிக்கு இது பிடித்துப்போனது. சாப்பிடும்போது கத்தினாள். டிவி பார்க்கும்போது கத்தினாள். ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே கத்தியதில் மேசை அதிர்ந்து ரசம் என் மடியில். ஆனால் மூன்று வாரத்தில் கால் தானாகப் போனது. சிரிப்பாகத் தோன்றினாலும் நான் சொல்வதில் உருப்படியான குறிப்பு இதுதான், விட்டுவிடாதீர்கள்.

டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் பக்கமும் கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். பத்து நாள் வரை நான் பிரமாதமாக ஓட்டுகிறேன் என்றே நினைத்திருந்தேன். அப்புறம்தான் கீழே குனிந்து பார்த்தேன். கிளட்ச் மிதித்ததெல்லாம் அவர். "காலை எடுத்துருங்க தம்பி" என்றேன். அவர் இரண்டு காலையும் சீட்டில் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தத் தெருவைத் தாண்டுவதற்குள் ஆறு முறை வண்டி நின்றது. நீங்கள் நாலாவது நாளே காலை எடுக்கச் சொல்லுங்கள், பீஸ் வீணாகாது.

கிளட்ச்சைப் பற்றி இரண்டு வார்த்தை. கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் கிளட்ச் உண்டு. எஞ்சின் வேகம் கூடும்போது அது தானாகவே பிடித்துக்கொள்ளும், நமக்குத் தெரியாது. காரில் அந்த வேலை நம் இடது காலுக்கு வந்துவிடுகிறது. சுற்றுகிற எஞ்சினோடு, நிற்கிற சக்கரங்களை மெதுவாகச் சேர்த்துவிடுவதுதான் கிளட்ச்சின் வேலை. மெதுவாகச் சேர்த்தால் ஒட்டும், சட்டென்று சேர்த்தால் எஞ்சின் அணைந்துபோகும். பழக ஒரு வழி உண்டு. சமதளமான, ஆள் இல்லாத இடம் வேண்டும். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் வண்டி லேசாக நடுங்கும், எஞ்சின் சத்தம் கனக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கேயே காலை நிறுத்தி மூன்று எண்ணுங்கள். வண்டி நகர ஆரம்பித்தபின் மிச்சத்தை விடுங்கள். நகர்ந்ததும் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து. ஐம்பது தடவை. எனக்கு இடது கெண்டைக்கால் இரண்டு நாள் வலித்தது. மாமியார் தன் மூட்டுவலித் தைலத்தை எனக்குக் கொடுத்தார்.

கியரில் நான் செய்த தவறு எல்லோரும் செய்வது: முதல் கியர் என்று நினைத்து மூன்றாவதைப் போடுவது. முதல் கியர் இடது மேல், மூன்றாவது நடு மேல். கையை விட்டால் கியர் கம்பி தானாக நடுவில் வந்து நிற்கும். அதனால் முதல் கியருக்கு உள்ளங்கையை இடப்பக்கம் பார்த்து வைத்து, இடது பக்கமாக அழுத்திக்கொண்டே மேலே தள்ளுங்கள். மூன்றாவதுக்கு வெறும் விரலால் நேராகத் தள்ளினால் போதும். குனிந்து பார்க்கக் கூடாது. நான் குனிந்து பார்த்த ஒரு தடவை, நிமிர்ந்தபோது முன்னால் ஒரு கரும்புச் சாறு வண்டி இருந்தது. வாத்தியார் சம்மணத்தைக் கலைத்துவிட்டார்.

திரும்புவதில் இன்னொரு வேடிக்கை. ஸ்கூட்டரில் உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும். காரில் நான் வலது பக்கம் சாய்வேன், தலை ஜன்னல் கண்ணாடியில் முட்டும், கார் நேரே போகும். சாய்வதை விடக் கொஞ்ச நாள் ஆகும், அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. நஷ்டம் வருவது பின்சக்கரத்தால். ஸ்கூட்டரில் முன்சக்கரம் நுழைந்தால் பின்சக்கரமும் நுழைந்துவிடும். காரில் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாமல் முனையை ஒட்டி உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் வைத்திருந்த செம்பருத்தித் தொட்டி அப்படித்தான் போனது. முன்பக்கம் அழகாகத் தாண்டினேன், பின்பக்கம் "டொப்" என்றது. "செடியத் தாண்டி எங்க போகப் பாத்த?" என்று பெரியம்மா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. முனை உங்கள் தோளுக்கு நேராக வரும்வரை காத்திருந்து, அப்புறம் திருப்புங்கள். திரும்பி முடிந்ததும் ஸ்டியரிங்கைப் பிடிவாதமாகப் பிடித்து வைக்காமல் உள்ளங்கைக்குள் தளர விட்டால், ஓடுகிற வண்டியில் அது தானே நேராக வரும்.

அடுத்தது அகலம். நிறையச் சொல்ல வேண்டியது இதில்தான். நம் ஸ்கூட்டர் முக்கால் மீட்டர் அகலம்கூட இல்லை. ஆல்டோ சின்னக் கார்தான், ஆனாலும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், பக்கவாட்டுக் கண்ணாடிகள் தனி. போதாக்குறைக்கு நாம் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். வண்டி முழுவதும் நமக்கு இடப்பக்கத்தில் கிடக்கிறது. ஸ்கூட்டரில் சந்து கண்டால் நுழைவது பழக்கம். டவுன் ரத வீதியில் நின்றிருந்த லோடு ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் ஒரு சந்தைப் பார்த்தேன். நான் தாராளமாக நுழைந்துவிட்டேன். நான் என்றால் நான் மட்டும். என் இடப்பக்கத்து ஒரு மீட்டர் நுழையவில்லை. கண்ணாடி மடங்கியது, தள்ளுவண்டியிலிருந்து நாலு கொய்யாப்பழம் சீட்டில் வந்து விழுந்தது. அதற்குக் காசு கொடுத்தேன். பழம் நன்றாகத்தான் இருந்தது.

இதற்கு என் வழி கோலமாவு. சாயங்காலம் தெரு அடங்கியபின், ரோட்டில் கோலமாவால் இருபது அடிக்கு நேர்க்கோடு போட்டேன். இடது முன்சக்கரத்தை அந்தக் கோட்டின் மேல் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். இறங்கிப் பார்த்தால் சக்கரம் கோட்டிலிருந்து இரண்டு அடி தள்ளி இருந்தது. தவறில்லை, திரும்பவும் ஓட்டுங்கள். ஒரு தடவை சக்கரம் சரியாகக் கோட்டின் மேல் நின்றதும், இறங்காமல், உங்கள் கண்ணுக்கு அந்தக் கோடு முன்கண்ணாடியின் கீழ்விளிம்பில் எந்த இடத்தில் முட்டுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். நீங்கள் நினைத்ததைவிட நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும், அதுதான் ஆச்சரியம். இனி எந்தக் குழியானாலும் கல்லானாலும் பொட்டுக்கு நேராக வந்தால் அது இடது டயருக்கு வருகிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் கவனம்: முதலில் சீட்டை உங்கள் காலுக்குத் தகுந்தபடி சரிசெய்து வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். என் மைத்துனன் ஒருநாள் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் பொட்டு பொய் சொன்னது, ஒரு வேகத்தடையின் ஓரக்கல்லில் ஏறினேன். காலையில் பெரியம்மா கோட்டைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கோலத்த பாதில விட்டுட்டியா?" என்று என் மனைவியிடம் கேட்டது தனிக்கதை.

இண்டிகேட்டர், வைப்பர் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்டோவில் இண்டிகேட்டர் வலது கையில், வைப்பர் இடது கையில். ஸ்கூட்டரில் இண்டிகேட்டர் இடது கட்டைவிரலில் இருந்ததால், கத்திரி வெயிலில் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஆடியது. "மழ வருதா அண்ணாச்சி?" என்று பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் கேட்டார். சில ஐரோப்பியக் கம்பெனிக் கார்களில் இதுவே மாறி இருக்கும், அதனால் வேறு கார் எடுக்கும்போது நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒருநாள் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன், அவ்வளவுதான்.

ரிவர்ஸ். ஸ்கூட்டரைப் பின்னால் எடுக்க உட்கார்ந்தபடி காலால் தள்ளுவோமே, அந்த நினைப்பில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை உந்தும். கிளட்ச்சும் பிரேக்கும் ஒன்றாக அமுங்கும், வண்டி நகராது. நல்லவேளை, இது ஆபத்தில்லாத தப்பு. ஆல்டோவில் ரிவர்ஸ் வலது கீழே, ஐந்தாவதற்கு நேர் எதிரில். வண்டி முழுதாக நின்றபின்தான் போட வேண்டும். பின்னால் போகும்போது ஆக்ஸிலரேட்டரே வேண்டாம், ஹாஃப் கிளட்ச் போதும். எல்லோரும் பின்னால் என்ன இருக்கிறது என்றே பார்ப்பார்கள். ஸ்டியரிங்கை ஒடித்துப் பின்னால் போகும்போது முன்மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். நான் பின்பக்கம் கேட்டைத் தொடாமல் அருமையாக வந்து, முன்பக்கத்தால் என் ஸ்கூட்டரையே தள்ளிவிட்டேன். ஏழு வருடம் என்னைச் சுமந்த வண்டி. அன்றைக்கு ராத்திரி மனசு சரியில்லை.

டெஸ்ட்டில் டூவீலருக்கு எட்டு போட்டது ஞாபகம் இருக்கும். அதில் கால் ஊன்றினால் போச்சு. காருக்கு எச் போட வேண்டும். அதில் ஊன்ற வழியே இல்லை, அந்த மட்டில் லாபம். செங்கல்லுக்குப் பதிலாகப் பழைய செருப்புகளை வரிசையாக வைத்துப் பழகினேன், ஏறினாலும் டயருக்குச் சேதமில்லை. வீட்டில் இருந்தது போதாமல் தெருவில் கடன் வாங்கியதால், ஒரு வாரம் சாயங்காலங்களில் எங்கள் வாசல் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் மூடி எந்தப் பக்கம் என்ற குழப்பம் வரும். மீட்டரில் பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருந்தால், அது காட்டும் பக்கம்தான் மூடி. நான் முதல் தடவை இறங்கி நின்று சீட்டைத் தூக்கப் பார்த்தேன். பங்க் பையன் பொறுமையாகக் காத்திருந்தான்.

கடைசியாக மேடு. திருநெல்வேலிக்காரர்களுக்கு ஈரடுக்கு மேம்பாலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேலே 1973-இல் கட்டிய திருவள்ளுவர் மேம்பாலம், பேருக்கேற்றபடி இரண்டு அடுக்கு. ஸ்கூட்டரில் நான் எப்போதும் கீழ் அடுக்கில்தான் போவேன். பஸ்ஸும் காரும் தலைக்கு மேலே போகிற சத்தம் கேட்கும். கார் எடுத்தபின் முதல் தடவையாக மேல் அடுக்கில் ஏறினேன். பாதி மேட்டில் முன்னால் போன வண்டி நின்றது. நானும் நின்றேன். பின்னால் டவுன் பஸ்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வண்டி பின்னால் இறங்கியது. என் இரண்டு காலும் தரையைத் தேடின. மறுபடி பிரேக். பஸ் டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. கடைசியில் கண்டக்டர் இறங்கி வந்து ஜன்னலில் குனிந்து, "சார், ஹேண்ட்பிரேக்கப் போடுங்க. பதறாதீய, நாங்க எங்கயும் போவல" என்றார். நான் அன்று கற்ற வழியை அப்படியே தருகிறேன். ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டு, கால் பிரேக்கை விடுங்கள். முதல் கியர். ஆக்ஸிலரேட்டரை லேசாக, ஒரே அளவாக. கிளட்ச்சை விட்டுக்கொண்டே வாருங்கள். ஹாஃப் கிளட்ச் வந்ததும் எஞ்சின் சத்தம் கனத்து, வண்டியின் மூக்கு கொஞ்சம் நிமிரும். இப்போது வண்டி முன்னால் போகத் துடிக்கிறது, ஹேண்ட்பிரேக்தான் பிடித்து வைத்திருக்கிறது. பித்தானை அமுக்கி ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராது.

வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார், எனக்கா பஸ்ஸுக்கா தெரியாது. பாலத்தின் உச்சிக்குப் போய் டவுன் பக்கம் இறங்கினேன். பக்கத்தில் போன லாரிக்காரர் கை காட்டினார், நானும் காட்டினேன். ஆட்டோவிலிருந்து ஒருவர் என்னவோ சொன்னார், சிரித்தேன். ஆர்ச்சைத் தாண்டும்போது கருகின வாசனை. எந்தக் கடையிலோ அல்வா அடிபிடித்துவிட்டது என்று நினைத்தேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, பாலத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்ததைக் கடை வாசலில் நிறுத்தியபின்தான் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் பாதிதான் இறங்கியிருந்தது.